சங்கத்துக்கு ஓர் ஆள்

"இன்னொரு நாய் வாங்கினால் என்ன?" என்று வீட்டுக்காரம்மா கேட்டதும் கறுப்பனுக்கு வயிறு எரிந்தது. தினமும் தனக்கு விழும் மீன்தலையில் பங்கு கேட்க ஓர் ஆளா? வருகிற குட்டியைக் கடித்துத் துரத்துவதென்று முடிவு கட்டியது.

"அட மக்கு!" என்றது பூனை. "ஒண்டியாய்க் குரைத்தால் சத்தம். இரண்டு பேர் குரைத்தால் சங்கம். சங்கத்துக்குத் தலைவர் வேண்டாமா?"

'தலைவர்' என்று காதில் விழுந்ததுமே கறுப்பனின் வால் தானாக ஆடியது. குட்டி வந்தபோது வாசலுக்கே போய் வரவேற்றது.

"தோழரே, நம் சங்கத்துக்கு நான் தலைவர்."

"அப்படியா அண்ணே? அப்போ நான் போட்டிச் சங்கத்துக்குத் தலைவர்."

உறுப்பினர் இல்லாமல் சங்கம் நடக்குமா? தலைவர்கள் இருவரும் ஆளுக்கொரு மீன்தலையைக் கவ்விக்கொண்டு பூனையிடம் ஓடினார்கள்.

பூனை இரண்டு சங்கத்திலும் சேர்ந்துகொண்டது.