ஊட்டியவர் பெயர்

2041 அக்டோபர் 26, திருச்சி: தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை நவநீதனின் ரத்தச் சர்க்கரை 214.

அதற்கு மருத்துவக் குறியீடு போடும் வேலை, அந்த வேலையையே செய்யும் அவன் மனைவி மங்கையின் கணினிக்கே வந்து சேர்ந்தது. ‘சர்க்கரை மிகை’ என்று குறித்தால் மட்டும் போதாது. இனிப்பை ஊட்டியவர் பெயரும் வேண்டும். புதுச் சட்டப்படி, பெயர் விழுந்தவர் ஓராண்டுக்கு அவனுக்குச் சோறு பரிமாறக் கூடாது.

“என் பேரைப் போட்டுடாதடி! மாப்பிள்ளைக்குப் பரிமாறாத மாமியார்னு ஊரே சிரிக்கும்,” என்றாள் அவள் அம்மா.

“அத்தை பேரையே போடு,” என்று நவநீதன் காதைக் கடித்தான். “இன்னொரு அதிரசம் தின்னா பல்லு போயிடும்.”

மங்கை கொஞ்சம் யோசித்துத் தன் பெயரையே போட்டாள்.

அடுத்த தீபாவளி வரை நவநீதன் தானே போட்டுச் சாப்பிட்டான்.