பாய்லர் அறையின் எண்கள்

"எல்லாத்தையும் மாத்திட்டே இல்ல?" மேலாளர் குனிந்து மூன்றாவது முறையாகக் கிசுகிசுத்தார்.

"மாத்திட்டேன் சார். காலையில பிரிண்ட் எடுத்துக் காட்டினேனே."

தொழிற்சாலையின் பாய்லர் அழுத்தத்தைத் தினமும் கம்ப்யூட்டரில் பதிவது அவள் வேலை. இரண்டு வாரமாக அழுத்தம் எல்லை தாண்டிக்கொண்டிருந்தது. பாய்லரை நிறுத்தினால் உற்பத்தி படுத்துவிடும், மேலாளரின் பதவி உயர்வும் கூடவே படுத்துவிடும். எண்களைத் திருத்தச் சொல்லிவிட்டார். அவர் கையெழுத்தில்லாமல் தலைமை அலுவலகத்துக்கு ஒரு துண்டுச்சீட்டுகூடப் போகாது.

இன்று பார்த்து தலைமை அலுவலகம் அனுப்பிய டெக்னீஷியன் வந்து உட்கார்ந்திருந்தார். அவளுடைய பதிவேட்டை ரிப்போர்ட் மென்பொருளோடு இணைத்துவிட்டால், தலைமை அலுவலகத்தின் திரையில் எல்லாம் வரைபடமாகத் தெரியுமாம்.

"ஏதாவது ஏடாகூடமாச்சு, உன் வேலை மட்டுமில்ல, பாய்லர் ரூம்ல இருக்கற உன் புருஷன் வேலையும் காலி," என்று மேலாளர் அவள் காதருகே சீறினார்.



"ஃபைலை வேற யாரோ திறந்து வெச்சிருக்காங்கன்னு சொல்லுதே மேடம்," என்றார் டெக்னீஷியன்.

"நான்தான்." தன் கம்ப்யூட்டரில் அதை மூடுவதற்குள் மவுஸ் இரண்டு முறை வழுக்கியது.

"உள்ள தினசரிப் பதிவு ஒண்ணு, பிரிண்டுக்குப் போற பட்டியல் ஒண்ணு இருக்கு. எதை இணைக்கட்டும்?"

"என்ன வித்தியாசம்?" மேலாளர் அவளைப் பார்த்தார்.

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அப்புறம் என்ன? ஏதோ ஒண்ணை இணைச்சுத் தொலைங்க."

"அப்ப தினசரிப் பதிவையே இணைச்சுடறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். டெக்னீஷியன் பொத்தானைத் தட்டும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சது சார்."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் அலறியது. எடுத்த மேலாளரின் முகம் வெளுத்தது.

"பாய்லரை உடனே நிறுத்தணுமாம்... ஆளுங்களையெல்லாம் வெளியேத்தணுமாம்..." போனை வைத்தவர் அவள் பக்கம் பாய்ந்தார். "மாத்திட்டேன்னு சொன்னியேடி, பாவி!"

வெளியே அபாயச் சங்கு ஊதியது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தபதபவென்று வெளியே வந்தவர்களில் தன் கணவனைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"மாத்தினேன் சார், பிரிண்டுல வர்றதை மட்டும்," என்றாள். "நீங்க எங்க அதை இணைக்கச் சொல்லிடுவீங்களோன்னுதான் இவ்வளவு நேரம் செத்துப் பிழைச்சேன். வேலை போனா வேற தேடிக்கலாம், புருஷனுக்கு நான் எங்க சார் போவேன்?"