நடுங்கும் குழாய்

ஒரகடம் ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கித் திரையில், மூலக்கூறுப் பூச்சு போட்ட கார்பன் நானோகுழாய் நடுநடுங்கியது. சின்ன அதிர்வு பட்டாலே படம் கலங்கிவிடும்.

“மத்தியானத்துக்குள்ள தெளிவா படம் போகணும் மதிவதனி. இல்லாட்டி ப்ராஜெக்ட் கேன்சல்!” என்று பக்கத்தில் உட்கார்ந்து பதறினார் மேலாளர் நரசிம்மன்.

“ஃபேன், ஏசி எல்லாம் ஆஃப் பண்ணிட்டேன் சார்.”

“அப்போ வெளிய லாரிக்காரனுங்கதான். இன்னான்னு கேட்டுட்டு வரேன்!”

அவர் போனதும் குழாய் அசையாமல் நின்றது. பூச்சு மணிமணியாய்த் தெரிந்தது. மதிவதனி படமெடுப்பதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

“பார்த்தியா? ஒரே அதட்டல், அடங்கிட்டானுங்க!”

அவர் உட்கார்ந்தார். குழாய் மறுபடி நடுங்கியது.

மதிவதனி மெல்லக் குனிந்து பார்த்தாள். நுண்ணோக்கி மேஜையில் முட்டிக்கொண்டு, தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது அவர் கால்.

“சார், இன்னும் கொஞ்ச நேரம் அவங்கள அதட்டிட்டு வாங்களேன், ப்ளீஸ்!”