பெயர் உள்ளே போகவில்லை

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத் தண்ணீர் மத்தியான வெயிலில் புதுத் தகரம் போலக் கண்ணைக் குத்துகிறது. நிவாரண அலுவலகத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமுகிறது. இன்பமலர் கணினியின் கறுப்புத் திரையில் ஒரு பெயரைத் தட்டுகிறாள்: யோகநேசன். சண்டைக்குத் தப்பி மூதூரிலிருந்து சனம் ஓடிவந்த வழியில் காணாமல் போனவன். அவனுடைய தாய் தங்கரத்தினம் பக்கத்துக் கதிரையில் சேலைத் தலைப்பைப் பிசைந்தபடி இருக்கிறாள். முகாம்களில் பதிந்த பெயர்களெல்லாம் இந்தக் கணினிக்குள்தான். பொத்தானை அழுத்தியதும் வெள்ளை எழுத்துகள் பொங்கி மேலே ஓடுகின்றன. தோப்பூர்க்காரர், கிளிவெட்டிக்காரர், கைக்குழந்தைகள், நிற்காமல். "இவ்வளவு பேரும் அவனோடயோ நிக்கினம்?" தாயின் முகம் மலர்ந்துவிடுகிறது. இன்பமலர் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். திரையில் தட்டிய பெயர் தேடும் நிரலுக்குள் தானாகப் போகாது. கட்டளையிலேயே அதைக் கையளிக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டாள். தேட ஒரு பெயரும் இல்லாமல் போன நிரல், இருக்கிற எல்லாரையும் கூட்டி வந்திருக்கிறது. "பிழைச்சுப்போச்சு அம்மா. அவற்ற பேர் உள்ளுக்குப் போகேல்லை." இம்முறை பெயரைக் கையளித்து அழுத்துகிறாள். விரிகுடாவுக்கு அப்பால் குண்டு விழுந்து ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. திரையில் ஒருவரும் வரவில்லை. அடுத்த கட்டளைக்காக ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. தங்கரத்தினம் அதையே பார்க்கிறாள். கதிரையைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போடுகிறாள். "பிள்ளை, முதல் பிழையாப் போட்டதையே இன்னொருக்காப் போடுங்கோ. ஆக்கள் வரட்டும்."