இருபத்து மூன்றாவது கொலைகாரன்

கொலைகாரனைப் பிடிக்க இன்று மாலைவரைதான் கெடு. வக்கீலின் டீயில் விஷம் கலந்தது டாக்டரா, தம்பி மகனா, சமையல்காரியா? மூன்று பேரையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டே வாத்தியார் களைத்துப்போயிருந்தார்.

மேஜைக்கடியில் கசங்கிய தாள்கள் குவிந்துகிடந்தன. அச்சுக்கு அனுப்பச் சொல்லிப் பதிப்பாளர் காலையிலிருந்து இரண்டு தடவை போன் செய்துவிட்டார். "பேசாம எங்க அக்கா வீட்டுக்காரரையே கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

கேட்பதாவது! வாத்தியாரும் அந்தச் சகலையும் சேர்ந்து, ஒரே புனைபெயரில் இருபத்திரண்டு துப்பறியும் நாவல்கள் எழுதியவர்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் சகலை முதல் பாதியை எழுதி, பிணத்தையும் சந்தேகப் பேர்வழிகளையும் அனுப்பிவைப்பார். இரண்டாம் பாதியில் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது கணக்கு வாத்தியாரின் பாடு.

யாரென்று இவர் கேட்கக் கூடாது, அவர் சொல்லக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

இருபத்திரண்டு தடவையும் வாத்தியார் கோட்டை விட்டதில்லை. முடிவு கைக்கு வந்த அன்று சகலை கடையைப் பாதி நாள் சாத்திவிட்டு, ஒரே மூச்சில் படித்து முடித்துப் போன் செய்வார். "கரெக்டா பிடிச்சிட்டீங்க சகலை, உங்க மூளையே மூளை" என்பார். அன்றைக்கு வாத்தியாருக்குத் தலைகால் புரியாது. முப்பது வருஷப் பள்ளிக்கூட வாழ்க்கையில் ஒருத்தரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது.

இந்தத் தடவை அந்த மூளை கையை விரித்துவிட்டது. வயசாகிவிட்டதோ என்ற பயம் அவரை அரித்தது. மூளை மழுங்கிப்போன ஆளோடு சகலை எதற்குக் கூட்டு வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வெட்கத்தை விட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினார். அங்கே சகலை ஓர் அம்மாவுக்கு இருமல் மருந்தின் அளவை மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா போகும்வரை வாத்தியார் எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

அவரைப் பார்த்ததும் சகலையின் முகம் மலர்ந்தது. கல்லாவுக்கு மேலாகவே ஆவலோடு கையை நீட்டினார்.

"கொண்டுவரலை சகலை. தலைகீழா நின்னு பார்த்துட்டேன், பிடிபடலை. நான் தோத்துட்டேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. சகலையின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து, கூட்டு முறிந்தே விட்டது என்று வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த ஒரு தடவை மட்டும் ஒப்பந்தத்தை மறந்துடுவோம். கொன்னது யாருன்னு நீங்களே சொல்லிடுங்க."

சகலை எழுந்து வெளியே வந்து, இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாத்தியாரின் காதருகே குனிந்தார்.

"இத்தனை வருஷமா நீங்க எழுதி அனுப்பினதைப் படிச்சுத்தான் சகலை, எனக்கே தெரியும்."