பதினாலு நாள் கஞ்சி

நஜ்முன்னிசா மூன்று மாத்திரைகளை அம்மியில் வைத்து நசுக்கினாள். பொடியைக் கஞ்சியில் கொட்டிக் கலக்கினாள்.

"ஏளா, நான் செத்தப்பொறம்தான் ஊத்துவியா?"

"இந்தா வந்துட்டேன் மச்சான்."

அப்துல் வாஹித் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான். "கசக்குது."

"வெந்தயம் கூடிப்போச்சு."

ஏழு வருட வயிற்றுப் புண். கவலையால் வந்தது, மனம் நோகவிடாதீர்கள் என்று பழைய டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தாராவியின் அந்த ஒற்றை அறையில் அவள் வாய் அடைத்துப்போயிற்று. அவள் எதைக் கேட்டாலும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டான். சந்தே திரண்டு வந்து அவளைத் திட்டியது.

மேலப்பாளையத்தில் அவளைப் பெற்ற உம்மா மௌத்தான தந்தி வந்த அன்றும் சுருண்டான். கடைசியாய் முகம் பார்க்கப் போகவேண்டிய ரயில் போய்விட்டது.

மறுவாரம் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குப் போனாள். தலைவர் கரீம் பாட்சா முழுதாகக் கேட்கவில்லை. "நோயாளி மனுசன்மா. மொதல்ல சொகமாகட்டும். பொறவு பேசிக்கிடலாம்."

போன வாரம் சயான் பக்கம் ஒரு புது டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "கவலையும் இல்ல, காரமும் இல்ல. இரைப்பையில கிருமி. அதுதான் புண்ணை ஆறவிடல. பதினாலு நாள் மாத்திரை. நாக்கு கறுக்கும், பயப்படாதீங்க. ஒரு வேளைகூட விடக்கூடாது."

வெளியே வந்ததும் வாஹித் சீட்டைக் கசக்கி எறிந்தான். "கிருமியாம்ல! என் வயித்துக் கிருமி நீதாம்ளா."

அவன் முன்னால் நடந்தான். அவள் குனிந்து சீட்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பத்தாம் நாள் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக் கத்தினான். "கரியாக் கெடக்கு! என்னத்தளா ஊத்துத?"

அவள் டம்ளரை நீட்டியபடியே நின்றாள். தெரிந்துவிட்டால் கஞ்சி நின்றுவிடும். இன்னும் நாலு நாள் இருந்தது.

"நேத்து அம்புட்டு நாவப்பழம் தின்னியளே."

அவன் முறைத்தான். பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தான்.

அடுத்த மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, கரீம் பாட்சாவோடு சிரித்தபடி வீடு வந்தான். அவள் இருவருக்கும் டீ வைத்தாள்.

"வயிறு எரியலியா மச்சான்?"

"பதினஞ்சு நாளா எரியவே இல்ல."

"மனுசனை எப்படித் தேத்திட்டே தாயி!" என்றார் கரீம் பாட்சா. "பொஞ்சாதின்னா இப்படி இருக்கணும்."

அவள் வாஹித்தின் முகத்தையே பார்த்தாள். "நெசமாவே சொகந்தானா?"

"கல்லைத் தின்னாலும் செரிக்கும்ளா! இன்னும் நூறு வருசம் இருப்பேன்."

நஜ்முன்னிசா தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியள்லா பாய்? இனி என் தலாக்கைப் பேசுங்க."