பச்சைப் புள்ளி

வளர்மதி வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்தாள். மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் திரையில் அவள் பெயருக்கு எதிரே உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அடிக்கடி மஞ்சளானவர்களைப் போன மாதம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

அப்பா சிவஞானத்துக்கு நடுக்கவாதம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். ஒருநாள் குழம்பு தீய்கிற வாடை வந்ததும், பக்கத்து நாற்காலியில் இருந்த அவருடைய வலக்கையைத் தூக்கி மவுஸ்மேல் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. புள்ளி பச்சையாகவே இருந்தது. அவர் முகத்தில் வெகுநாளாகக் காணாத தெளிச்சி.

"நானும் வேலை பாக்குறேன்ல?" என்றார்.

பிறகு தினமும் அப்படியே நடந்தது. இடையில் மருத்துவர் புது மாத்திரை கொடுத்தார். சீக்கிரமே நடுக்கம் அடங்கும், தானே அள்ளிச் சாப்பிடுவார் என்றார். அடங்கவில்லை. அளவைக் கூட்டியும் பயனில்லை.

இன்று காலை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் முன்பு அவள் கொடுத்த மாத்திரையை அப்பா உள்ளங்கையில் துப்பி, ஜன்னல் கம்பிக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "கை நின்னுபோச்சுன்னா உன் வேலை என்னம்மா ஆகும்?"

வளர்மதி இன்னொரு மாத்திரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கச் சொல்லவில்லை.